மழைக்கூரையும் நாளைப்பாலும்

குடை என்ற சொல்லுக்கு நான் கொடுத்த விடை தவறு என்று என் கைப்பேசி சொல்லிவிட்டது. சும்மா சொல்லவில்லை. சிவப்புப் பட்டை ஒன்றைக் காட்டி, வாத்தியார் உச்சுக் கொட்டுவதுபோல ஒரு சத்தமும் எழுப்பி, சரியான விடை ‘ஒம்ப்ரேலோ’ என்றது. நான் கொடுத்தது ‘ப்ளூவ்தெக்மெந்தோ’. ப்ளூவோ என்றால் மழை, தெக்மெந்தோ என்றால் கூரை. சேர்த்தால் மழைக்கூரை. இதில் என்ன தவறு என்று நீங்களே சொல்லுங்கள். அந்த நேரம் பார்த்து வெளியே பெங்களூர் பொம்மனஹள்ளியில் நாலு மணி மழை பிடித்துக்கொண்டது. சூடான தாரில் முதல் சொட்டுகள் விழுந்த வாசனை ஜன்னல் வழியாக வந்தது. நான் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். கோபம்தான், வேறென்ன.

இந்த விளையாட்டை இறக்கிக் கொடுத்தவள் என் மகள். “மூளைக்கு வேலை குடுத்துட்டே இருந்தா மறதி வராதும்மா, ஏதாவது ஒரு லாங்வேஜ் கத்துக்கோ” என்றாள். ஜப்பான் மொழி, கொரிய மொழி என்று வரிசையாகக் கொடிகள் பறந்தன. கடைசிக்குப் பக்கத்தில் பச்சைக் கொடி போட்டு எஸ்பெராண்டோ. “அட, இது எனக்குத் தெரியுமே!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். “உனக்கா?” என்றாள் மகள். அந்த ‘உனக்கா’ எனக்குப் பழகிய ஒன்று. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பல பேர் வாயில் கேட்டிருக்கிறேன்.

உங்களுக்கு எஸ்பெராண்டோ தெரியாதென்றால் கவலையே வேண்டாம், தெரிந்தவர்கள் குறைவு. நூறு வருஷங்களுக்கும் முன்னால் ஒரு கண் டாக்டர் உட்கார்ந்து செய்த மொழி அது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, அதனால் யாரும் யாரையும் பார்த்துக் கூச வேண்டாம் என்பது அவருடைய கணக்கு. ஐரோப்பிய மொழிகளிலிருந்து வேர்களைப் பொறுக்கிக்கொண்டு, அவற்றை ஒட்டவும் பிரிக்கவும் சில விதிகளை வைத்தார். முன்னால் ‘மல்’ போட்டால் எதிர்ப்பதம். பின்னால் ‘எய்’ போட்டால் இடம். ‘உல்’ போட்டால் ஆள். ஆஸ்பத்திரிக்கு ‘மல்சானுலேயோ’. பிரித்தால், சுகத்துக்கு எதிர், அந்த நிலையில் இருக்கும் ஆள், அந்த ஆட்கள் இருக்கும் இடம், கடைசியில் பெயர்ச்சொல்லுக்கு ஒரு ஓ. சொல்லி முடிப்பதற்குள் நோயாளிக்குக் குணமாகிவிடும் என்பான் சம்பங்கி.

சம்பங்கி, நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் கிடைத்த சிநேகிதன், நீலசந்திராப் பகுதிக்காரன். கூரியர் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். மிஷனரிப் பள்ளியில் படித்ததால் இங்கிலீஷ் அவனுக்கு நுனிநாக்கில் இருந்தது. அவன் வீட்டார் பௌத்தர்கள். அல்சூர் ஏரிக்குப் பின்பக்கத்துச் சந்தில் அவர்கள் சங்கத்துக்கு ஒரு படிப்பகம் இருந்தது. மாடியில் ஓர் அறை. கீழே புத்தருக்கு ஏற்றிய ஊதுபத்தியின் வாசம், சுவரில் அடித்த சுண்ணாம்பின் வாசம், ஏரியிலிருந்து காற்று திரும்பும்போது பாசியும் மீனும் கலந்த நாற்றம். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு மணம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. அதைச் சீசாவில் அடைத்து விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள். நான் ஒருத்தி வாங்குவேன்.

அவனும் கௌரியும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். கௌரி அல்சூர்ப் பெண், வீட்டில் கன்னடம். நான் வேலை பார்த்த துணி ஏற்றுமதிக் கம்பெனியின் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். நான் கீழே ‘செக்கிங்’ டேபிளில். தைத்து வரும் சட்டைகளைத் திருப்பிப் போட்டுப் பிசிறு, பொத்தான், தையல் விட்ட இடம் எல்லாம் பார்க்கிற வேலை. குடியாத்தத்தில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, வேலைக்காக இங்கே வந்து, பொம்மனஹள்ளியில் பெண்கள் தங்கும் ஒரு வீட்டில் கட்டில் பிடித்திருந்தேன். சட்டையில் எங்கே பிழை என்று என் கண்ணுக்குச் சட்டென்று தெரியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் ‘பையர்’ வந்து, “இது ஏன் இப்படி?” என்று இங்கிலீஷில் கேட்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதில் தெரியும், வாயிலிருந்து வராது. பக்கத்து டேபிள்காரி ஏதோ தப்பாகச் சொல்வாள், பையர் அவளைப் பார்த்துத் தலையாட்டுவார். இப்படித்தான் இன்சார்ஜ் பதவி என் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. அதைவிட, மதியச் சாப்பாட்டில் ஆபீஸ் பெண்கள் பாதி இங்கிலீஷில் சிரிக்கும்போது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரிப்பேன். அது ரொம்பக் கஷ்டம். பட்டவர்களுக்குத் தெரியும்.

கௌரிதான் ஒருநாள் என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னடத்தில் தோழியைக் கூப்பிடும் ‘கணே’ போட்டுச் சொன்னாள். “ஒரு பாஷை இருக்கு கணே. அதுல எல்லாரும் எல்.கே.ஜி.தான். உன்னையும் என்னையும் ஒரே பெஞ்சுல உக்கார வெச்சிடும். வர்றியா?”

ஒரே பெஞ்சு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன். உலக சமாதானம், மனித குல ஒற்றுமை என்று சம்பங்கி ஆரம்பத்தில் ஏதோ சொன்னான். அதெல்லாம் என் காதில் ஏறவே இல்லை. வாயைத் திறந்தால் நான் யாருக்கும் பின்னால் நிற்காத ஓர் இடம் இந்த ஊரில் எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் பாருங்கள், அந்த மொழியைக் கற்க எங்களிடம் இருந்த ஒரே புத்தகம் இங்கிலீஷ் புத்தகம். அவென்யூ ரோடு நடைபாதையில் சம்பங்கி வாங்கியது. அட்டை இல்லை. பின்னால் இருந்த சொற்பட்டியலில் பாதிக்கு மேல் கரையான் தின்றுவிட்டிருந்தது. இங்கிலீஷ் அகரவரிசையில் எம் எழுத்து வரைக்கும்தான் சொற்கள் மிச்சம். கௌரி வாசிப்பாள், சம்பங்கி தமிழில் சொல்வான், அவன் சொன்னது சரியில்லை என்று கௌரி கன்னடத்தில் சண்டைக்குப் போவாள். தொடக்கத்தில் இன்னும் சில பேர் வந்து போனார்கள். கடைசியில் நின்றது நாங்கள் மூன்று பேர். வாத்தியார் என்று யாரும் கிடையாது. அதனாலேயே நாங்கள் வைத்ததுதான் சட்டம்.

எம்முக்குப் பிறகு வரும் சொற்கள் இல்லையென்றால் என்ன செய்வது? நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். விதி தெரியும், பாடங்களில் வந்த வேர்கள் தெரியும், அது போதாதா. இதில்தான் எனக்குக் கை வந்தது. ஏன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெட்டுத்துண்டுகள் சட்டையாவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த பழக்கமாக இருக்கலாம். வாரத்துக்கு ஒரு சொல்லாவது கட்டிக்கொண்டு போவேன். பஸ் கண்டக்டருக்கு ‘க்ரீயிஸ்தோ’. க்ரீ என்றால் கத்துவது, இஸ்த் என்றால் அதைத் தொழிலாகக் கொண்டவர். நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா பகலிலேயே ஒவ்வோர் அறையாக வந்து விளக்கையும் விசிறியையும் அணைத்துவிட்டுப் போவாள், ஆள் உள்ளே இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்க மாட்டாள். அவளுக்கு ‘மல்ஷால்திஸ்தீனோ’. அணைப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்மணி. இதைச் சொன்ன அன்றைக்கு கௌரி பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நான் சொன்ன ஒன்றுக்கு ஒருத்தி அப்படிச் சிரித்தது, இந்த ஊருக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

தயிருக்கும் சொல் தெரியாது, நாம் சொல்லும் ‘கர்ட்’ அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு நான் கட்டியது ‘மோர்கவ்லாக்தோ’. மோர்கவ் என்றால் நாளை, லாக்தோ என்றால் பால். இன்றைக்கு உறை ஊற்றி வைத்தால் நாளைக்குத்தானே தயிர். நாளைப்பால். நான் கட்டியவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வெறுமனே கட்டிக்கொண்டு வந்தால் போதாது. ‘நேட்டிவ் கேட்பது’ என்று எங்களிடம் ஒரு சடங்கு இருந்தது. பெங்களூரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது அதுதானே, உங்க நேட்டிவ் எது என்று. நாங்கள் சொற்களைக் கேட்டோம். ஒருவர் சொல்லைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சொந்த ஊர் சொல்ல வேண்டும். நீராவிக் கப்பலுக்கு ‘வாபோர்ஷிப்போ’. “வாபோர் லத்தீன், ஷிப்போ இங்கிலீஷ். லவ் மேரேஜு” என்பான் சம்பங்கி. மாமனாருக்கு ‘போபாத்ரோ’. பாத்ரோ அப்பா, அது லத்தீன். முன்னால் இருக்கும் ‘போ’ பிரெஞ்சு, பிரெஞ்சில் அதற்கு அழகு என்று அர்த்தம் என்று புத்தகம் சொன்னது. அழகு அப்பா! அப்போது கௌரிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வரனின் அப்பா போட்டோவையும் கொண்டுவந்து காட்டி, “இவரு போபாத்ரோவா, சும்மா பாத்ரோவா?” என்று எங்களிடம் தீர்ப்புக் கேட்பாள்.

அம்மாவுக்கு ‘பாத்ரீனோ’ என்று வந்த அன்றைக்கு மட்டும் சிரிப்பு இல்லை. அப்பாவின் வேரை எடுத்து, நடுவில் பெண்பாலுக்கு ஒரு ‘ஈன்’ சொருகினால் அம்மா. கௌரிக்கு முகம் சிவந்துவிட்டது.

“அம்மாவுக்குன்னு தனியா ஒரு வேர்கூட இல்லையா? அப்பாவுக்கு வால் வெச்சாதான் அம்மாவா?”

“நான் இன்னாம்மா பண்றது, அந்த டாக்டரை போய் கேளு” என்றான் சம்பங்கி.

“அவர் செத்துட்டாரு அல்லவா, இல்லாட்டி கேட்டிருப்பேன்.”

அந்தச் சண்டை பல ஞாயிறுகளுக்கு ஓடியது. கௌரி கடைசி வரைக்கும் அந்தச் சொல்லை வாயால் சொல்லவே இல்லை. அம்மா என்றுதான் சொல்வாள், எஸ்பெராண்டோ வாக்கியத்துக்கு நடுவிலும்.

எனக்கு ஒரு ஞாயிறு தனியாக ஞாபகம் இருக்கிறது. பட்டியலில் இங்கிலீஷ் சி எழுத்தில் ‘கதமரானோ’ என்று ஒரு சொல். இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டிய மாதிரி ஒரு படகு என்று போட்டிருந்தது. சம்பங்கி பிரிக்கப் பார்த்தான், கௌரி பிரிக்கப் பார்த்தாள். ‘கத்’ எந்த ஊர், ‘மர்’ கடல் ஆயிற்றே, ‘ஆன்’ உறுப்பினர் ஆயிற்றே, கடலின் உறுப்பினரா என்று ஏதேதோ ஓடியது. நான் மெதுவாகச் சொன்னேன்: “கட்டுமரம்.” இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கட்டு, மரம். அந்தச் சொல்லே ஒரு கூட்டுச்சொல், கட்டும்போதே எங்கள் ஊர்க்காரர்கள் கட்டிவிட்டது. அது கடல் ஏறிப் போய், அங்கே யாருக்கும் பிரிக்கத் தெரியாமல், ஒரே வேராக உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாங்காய் போய் ‘மாங்கோ’, கறி போய் ‘கரேயோ’. ‘ரீஸோ’வுக்கு அரிசி என்றேன். “ஏய், அக்கி!” என்று கௌரி கன்னடத்துக்குக் கொடி பிடித்தாள். ரீஸோ யாருடையது என்பதற்கு முடிவே வரவில்லை. ஆனால் கதமரானோவை யாராலும் என்னிடமிருந்து பிடுங்க முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது, வழியெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. அல்சூரிலிருந்து பொம்மனஹள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இருவரும் ஏரிக்கரை நிறுத்தம் வரைக்கும் வந்து என்னை ஏற்றிவிடுவார்கள். ஒரு நாள் நல்ல மழை. மூன்று பேருக்கும் சேர்த்து கௌரியின் குடை ஒன்றுதான். நடுவில் நான், இரண்டு பக்கமும் அவர்கள் பாதி நனைந்துகொண்டு. மழைக்கூரை என்ற சொல் அன்றைக்கு அந்தக் குடைக்குள்ளேயே பிறந்தது. ப்ளூவோ லத்தீன், தெக்மெந்தோ லத்தீன், ஒரே ஊர்க்காரங்க, அரேஞ்ச்டு மேரேஜ் என்று நனைந்துகொண்டே சம்பங்கி நேட்டிவ் சொன்னான். விடைபெறுவதற்குப் புத்தகத்தில் ‘ஜிஸ் ரெவீதோ’ என்று இருந்தது. மறுபடி பார்க்கும் வரைக்கும் என்று பொருள். நாங்கள் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அதென்ன பொத்தாம்பொதுவாக ‘மறுபடி’? எங்களுக்குத்தான் நாள் தெரியுமே. ‘ஜிஸ் திமான்ச்சோ’ என்போம், ஞாயிறு வரைக்கும். பஸ் ஜன்னல் வழியாக நானும் கத்துவேன், கீழேயிருந்து அவர்களும் கத்துவார்கள். “அது யாவ பாஷே?” என்று ஒரு கண்டக்டர் கேட்டிருக்கிறார். “எல்லாருடைய பாஷையும்” என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படியே விட்டிருந்தால் எத்தனை காலம் ஓடியிருக்குமோ. சம்பங்கி சும்மா இருக்கவில்லை. எஸ்பெராண்டோக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, எந்த ஊருக்குப் போனாலும் அங்கே அந்த மொழி பேசுகிறவர் வீட்டில் சாப்பிடலாம், தங்கலாம். ஏதோ ஒரு பத்திரிகைக்கு எங்களைப் பற்றி எழுதிப் போட்டான். சில மாதங்கள் கழித்து ஹங்கேரியிலிருந்து ஹில்தா என்று ஓர் அம்மாளிடமிருந்து பதில் வந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மைசூர் பார்க்க வருகிறாராம், போகும் வழியில் ஒரு ஞாயிறு எங்களோடு சாப்பிட முடியுமா என்று கேட்டிருந்தார்.

அந்தச் சில வாரங்கள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. முதன்முதலாக ஒரு வெளிநாட்டுக்காரர், அவரோடு நான் பேசப்போகிறேன். பையர் முன்னால் நின்றதுபோல நிற்க வேண்டியதில்லை. நேருக்கு நேராக, ஒரே பெஞ்சில். வரவேற்புப் பேச்சை என்னைத்தான் பேசச் சொன்னார்கள். கௌரியே சொன்னாள், “நீதான் கணே எங்க எல்லாரையும்விட நல்லா பேசறே.” நான் கட்டிய சொற்களில் நல்லவையாகப் பொறுக்கி எடுத்துக் கோத்தேன். ஏற்றுமதிச் சட்டையை மடிப்பதுபோலத் திரும்பத் திரும்ப மடித்துப் பார்த்துச் சரிசெய்தேன். செக்கிங் டேபிளில் உதடு அசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து, எனக்கு ஏதோ வேண்டுதல் என்று பக்கத்து டேபிள்காரி நினைத்துக்கொண்டாள்.

சாப்பாடு கௌரி வீட்டில். அவள் அம்மா சாறு, பல்யா, கோசம்பரி, பாயசம் என்று அமர்க்களப்படுத்தியிருந்தார். ஹில்தா அம்மாள் வெள்ளைத் தலையும் பூப்போட்ட சட்டையுமாக, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்த முகம். நல்ல மனுஷி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுந்து நின்று என் பேச்சைப் பேசினேன். க்ரீயிஸ்தோ கத்த, மழைக்கூரையைப் பிடித்துக்கொண்டு, மல்ஷால்திஸ்தீனோவின் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி உங்களைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று ஆரம்பம். அவர் தலையைச் சற்றே சாய்த்துக் கவனமாகக் கேட்டார். “பர்தோனு?” என்றார். மன்னியுங்கள், மறுபடி சொல்லுங்கள் என்று அர்த்தம். மறுபடி சொன்னேன். மறுபடியும் “பர்தோனு?” மூன்றாம் முறை அவர் என்னைப் பார்க்கவில்லை, கௌரியைப் பார்த்தார், இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கௌரி இங்கிலீஷில் விளக்கினாள்.

அவ்வளவுதான். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுகிறதே, அதுபோல அதன் பிறகு எல்லாம் இங்கிலீஷிலேயே ஓடியது. யார் மேலும் தப்பில்லை. அந்த அம்மாளின் இங்கிலீஷும் ஒன்றும் பிரமாதமில்லை, தட்டுத்தடுமாறித்தான் பேசினார். ஆனால் ஓடியது. ஹங்கேரிக் குளிர், சம்பங்கியின் வேலை, கௌரியின் வரன்கள் எல்லாம் பேசினார்கள். நடுநடுவே கௌரி என் பக்கம் திரும்பி, “அவங்க ஊர்ல ஏரியே உறைஞ்சிடுமாம்” என்று சொல்வாள். நான் தலையாட்டுவேன். மதியச் சாப்பாட்டில் புரியாமல் சிரித்தேனே, அதே ஆட்டம். சும்மா உட்கார முடியாமல் எழுந்து கௌரி அம்மாவோடு பரிமாறப் போய்விட்டேன்.

கடைசியில் தயிர். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஹில்தா அம்மாளிடம் போய், இதையாவது கேட்போம் என்று கேட்டேன். “ச்சூ வீ வோலஸ் மோர்கவ்லாக்தோன்?” நாளைப்பால் வேண்டுமா?

அவர் முகம் மலர்ந்தது. புரிந்துவிட்டது என்று நினைத்தார் பாவம். இல்லை, நன்றி, நாளை காலையிலேயே நான் மைசூர் போகிறேன், பாலுக்கு நேரம் இருக்காது என்று எஸ்பெராண்டோவில் தெளிவாகப் பதில் சொன்னார். முதலில் சம்பங்கி வெடித்தான், கௌரி வெடித்தாள், விளக்கம் கேட்டு ஹில்தா அம்மாளும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். கையிலிருந்த தயிர்ப் பாத்திரம் குலுங்கியது. எனக்கு அப்போது பொம்மனஹள்ளிக்கு ஓடிப்போய், போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

உலகத்தில் எல்லாரோடும் பேசலாம் என்றுதானே அந்த மொழியைக் கற்றோம். கடைசியில் பார்த்தால் அல்சூர்ச் சந்து ஒன்றின் மாடியறையைத் தாண்டி யாருக்கும் புரியாத ஒன்றைச் செய்து வைத்திருந்தோம். அதிலும் பெரும்பங்கு என் கைவேலை. இப்படி ஒரு கூத்தை வேறு யாராவது அடித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

ஹில்தா அம்மாள் ஊருக்குப் போனதும் மறக்காமல் எங்களுக்கு ஒரு அகராதி அனுப்பி வைத்தார். தடித்த, புத்தம்புதிய அகராதி, ஒரு பக்கம்கூடக் குறையில்லை. அவ்வளவு நல்ல மனசு. சம்பங்கி அதைப் பெஞ்சில் வைத்துத் திறந்தான். குடைக்கு ஒம்ப்ரேலோ. தயிருக்கு யோகுர்தோ. எல்லாம் இருந்தது. எதையும் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. “இனிமே கரெக்டா கத்துக்கலாம்பா” என்றான் அவன். நியாயம்தான். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எழுதினோம். நேட்டிவ் கேட்கும் வேலையும் போய்விட்டது, அதையும் பல இடங்களில் அகராதியே சொன்னது. மாடியறையில் சிரிப்புச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு ஞாயிறு கௌரி வரவில்லை, நிச்சயதார்த்தம். பிறகு சம்பங்கிக்கு துபாயில் வேலை கிடைத்தது, இங்கிலீஷ்தான் அவனை அங்கே கொண்டுபோயிற்று. நான் ஒரு ஞாயிறு தனியாக அந்த அறைக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். ஊதுபத்தி வாசம் இருந்தது.

சென்ற வாரம் அல்சூருக்குப் போக வேண்டிய வேலை வந்தது. மெட்ரோவில் உட்கார்ந்தால் ஒரு தூக்கத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது, கத்துவதற்குக் கண்டக்டர் இல்லை. சந்துக்குள் போனேன். படிப்பகம் இருந்த இடத்தில் ஏழெட்டு மாடிக் கட்டடம், கீழே கார் நிறுத்தம். காவலாளியிடம் கேட்டேன். வடக்கத்திப் பையன். இந்தியில் ஏதோ சொன்னான். அது எனக்குப் புரியவில்லை, என்னுடையது அவனுக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

இதையெல்லாம் இப்போது எதற்காக இழுக்கிறேன் என்றால், அந்தக் கைப்பேசி விளையாட்டால் வந்த வினை. குடை தவறான கோபத்தில், எஸ்பெராண்டோ சொற்களின் பூர்வீகத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது மகள் உதவியில்லாமலே தமிழில் மாற்றிப் படிக்கத் தெரியும். அதில் ஒன்று கண்ணில் பட்டது. கணவனுக்கு ‘எட்ஸோ’, மனைவிக்கு ‘எட்ஸீனோ’. அப்பாவுக்கு வால் வைத்து அம்மா வந்ததுபோலத்தான் இதுவும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இல்லையாம். இங்கே முதலில் வந்தது மனைவியாம். இளவரசி என்ற பொருளுள்ள ஒரு ஜெர்மன் சொல்லின் பின்பாதியை வெட்டி எடுத்து மனைவி ஆக்கினார்களாம். அதில் ‘ஈன்’ இருப்பதைப் பார்த்துவிட்டு, அதைப் பிடுங்கினால் மிச்சம் இருப்பது கணவன்தானே என்று வைத்துக்கொண்டார்களாம். மனைவியில் வெட்டிய மிச்சம்தான் புருஷன்!

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல். இதைச் சொல்ல வேண்டிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். பாத்ரீனோவுக்காக அத்தனை ஞாயிறு சண்டை போட்டவள். இது மட்டும் அன்றைக்குத் தெரிந்திருந்தால் சம்பங்கியை என்ன பாடு படுத்தியிருப்பாள்! அவளும் நானும் பேசிப் பல வருஷம் ஆகிவிட்டது, வைட்ஃபீல்டில் மகன் வீட்டில் இருக்கிறாள் என்று மட்டும் தெரியும். பழைய கம்பெனித் தோழிகள் இரண்டு மூன்று பேரைக் கேட்டு எண்ணை வாங்கினேன். அழைத்தேன்.

“அய்யோ! நீயா கணே! எஷ்டு வருஷம் ஆச்சு!” அதே குரல், கொஞ்சம் தடித்திருந்தது. முழங்கால், பி.பி., மருமகளின் ஆபீஸ் நேரம் எல்லாம் பேசினோம். சம்பங்கி துபாயிலிருந்து கனடா போய் அங்கேயே இருந்துவிட்டானாம், அதற்குமேல் அவளுக்கும் தெரியவில்லை. அப்புறம் மெதுவாக, பொங்கி வந்ததை அடக்கிக்கொண்டு, எட்ஸோவின் கதையைச் சொன்னேன்.

“எட்ஸோன்னா என்ன?” என்றாள்.

“புருஷன். நம்ம எஸ்பெராண்டோல. ஞாயித்துக்கிழமை படிப்பகத்துல...”

“ஆமா ஆமா, அந்தப் பாஷை! பேருகூட மறந்து போச்சு பாரு.” சற்று யோசித்தாள். “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல கணே. எங்க வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாங்களே, நீ தயிர் போடறப்ப என்னமோ சொன்னியே, அது ஒண்ணுதான் இருக்கு. என்ன சிரிப்பு சிரிச்சோம் அன்னைக்கு!”

“ஆமா” என்றேன். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படியே வந்தது.

“தயிருக்கு என்ன சொன்னே?”

சொன்னேன். நாளைப்பால் என்று அர்த்தத்தையும் சொன்னேன்.

“நல்லாதான் இருக்கு. இப்ப யாரு உறை ஊத்தறா? எல்லாம் பாக்கெட்டு” என்றாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “இரு, வெக்கறேன். அதுல போயிட்டு வரேன்னு எப்படிச் சொல்வாங்க?”

‘ஜிஸ் திமான்ச்சோ’ வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எந்த ஞாயிறைச் சொல்வது?

“ஜிஸ் ரெவீதோ” என்றேன், புத்தகத்தில் உள்ளபடி.

“ஜிஸ் ரெவீதோ” என்று அழகாகத் திருப்பிச் சொன்னாள் கௌரி. சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.